எட்டாம் தடுப்பின் சன்னல்

அவளை எனக்குப் பிடிக்காது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். அவள் செத்தாளா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது; ஆகவே அந்த மரியாதைக்கும் நான் கட்டுப்பட்டவள் இல்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை. லாயத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. முகத்துக்கு நேரே "அக்கா". முதுகுக்குப் பின்னால் "மொற". "மொற வருது, தவலையை எடு" என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

லாயம் என்று நான் சொல்வது நிஜமான குதிரை லாயம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே, வெள்ளைக்காரன் காலத்தில் துரைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஒரு துபாஷ் கட்டிய தோட்ட பங்களா இருந்தது. பங்களாவின் கூரை எப்போதோ விழுந்து, கூடத்தில் அரசமரம் முளைத்துவிட்டது. மனுஷர்கள் இருந்த கட்டிடம் போய்விட்டது, குதிரைகள் இருந்த கட்டிடம் கல்லுக்குண்டாக நின்றது. சொந்தக்காரர்கள் பட்டணத்தில். அவர்களுடைய ஏஜென்ட் வண்டிக் கொட்டகையைத் தட்டி வைத்துத் தடுத்து, எட்டுக் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார். அந்த அறைக்குள் அடுப்பு மூட்டக்கூடாது, தட்டி பற்றிக்கொள்ளும். எதிரே இருந்த லாயத்தில்தான் சமையல். குதிரைக்கு ஒரு தடுப்பு, குடும்பத்துக்கு ஒரு தடுப்பு.

ஒரு குதிரை நிற்கிற அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் என் சமையற்கட்டு. தடுப்புச் சுவர்கள் கழுத்தளவு. பின்சுவரில் கட்டிய தீனித்தொட்டியை மண் போட்டு நிரப்பி அதன்மேல் அடுப்பு. குதிரையைக் கட்டிய இரும்பு வளையத்தில் கரண்டிகள் தொங்கும். மூத்திரம் வழிந்து ஓட வேண்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். அதனால் இறக்கி வைத்த குழம்புச்சட்டி ஒருநாளும் நேராக உட்காராது. கல்யாணமாகி வந்த புதிதில் பாதி ரசம் வாய்க்காலுக்குத்தான் போயிற்று. மழை பெய்தால் எத்தனையோ வருஷத்துக் குதிரை நாற்றம் கல்லிலிருந்து கிளம்பி வந்து நம்மோடு சேர்ந்து சாப்பிட உட்காரும்.

லாயத்துக்குச் சன்னல் ஒன்றே ஒன்று. கோடியில், எட்டாம் தடுப்பில். சீக்கு வந்த குதிரையை அங்கேதான் கட்டுவார்களாம், காற்று வர வேண்டும் என்று. மற்ற ஏழு தடுப்பிலும் புகை ஓட்டுச் சந்து வழியாகத் தானாகப் போனால் உண்டு.

நான் பழவேற்காட்டுப் பக்கம். அப்பா, அண்ணன் எல்லாரும் ஏரியில் வலை போடுகிறவர்கள். என் வீட்டுக்காரரும் அதே ஜனம்தான், ஆனால் படகில் ஏறினால் வாந்தி. வலைக்காரன் பிள்ளைக்கு இப்படி ஒரு சீக்கா என்று ஊரே சிரித்தது. அவர் ரோஷப்பட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரைஸ் மில்லில் எஞ்சின் பார்க்க வந்துவிட்டார். அரிசி கிடைக்காமல் ரேஷனில் கோதுமை போட்ட காலம் அது. நான் வந்த முதல் நாள், முதலாம் தடுப்பில் சுள்ளியை அடுக்கிவிட்டுத் தீக்குச்சியை உரசினேன். ஏழாம் தடுப்பிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள். ஒல்லியான உடம்பு, இடுப்பில் சொருகிய புடவை, சிரிப்பு என்பதை என்றைக்குமே குடியிருத்தாத ஒரு முகம்.

"இந்தா, யார கேட்டு நெருப்பு வெச்ச?"

"என் அடுப்புதானேக்கா."

"அடுப்பு உன்னுது. இன்னிக்கி நாலாம் தடுப்பு மொற. அணை."

பற்றின சுள்ளியைத் தண்ணீர் தெளித்து அணைக்க வைத்தாள். பிறகுதான் விஷயம் தெரிந்தது. லாயத்தில் ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் தீப்பெட்டி உரசும். அந்த அடுப்பில் கங்கு பிடித்ததும், ஒரு கரண்டி இந்தப் பக்கத்துச் சுவர்மேல், ஒரு கரண்டி அந்தப் பக்கத்துச் சுவர்மேல். அவர்கள் மூட்டிக்கொண்டு அடுத்த தடுப்புக்கு வைப்பார்கள். நெருப்பு அப்படியே இரண்டு பக்கமும் நடந்து கோடி வரைக்கும் போகும். மழைக்காலத்தில் எட்டு வீட்டுத் தீப்பெட்டியும் நமத்துப்போகுமாம், அதற்காக ஏற்பட்ட வழக்கம். யார் ஏற்படுத்தியது என்று கேட்டால் எல்லாரும் ஏழாம் தடுப்பைத்தான் பார்த்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் மீன் ஆய்ந்தால் மூக்கைச் சுளிப்பாள். அவள் ஊத்துக்கோட்டைப் பக்கத்து நெல்லுக்கார ஜனம். ஆனால் என் முறை வருகிற நாளில் என் அடுப்பு நெருப்பை வாங்கி மூட்டிக்கொள்ள ஒருநாளும் சுளித்ததில்லை. முறை என்றால் முறைதான்.

கிணற்றுக்கு முறை. ஆட்டுக்கல்லுக்கு முறை. லாயத்து வாய்க்காலைத் தள்ளிவிட முறை. வற்றல் காயப்போட வெயிலுக்குக்கூட முறை. எமன் வந்தால்கூட "பின்னால நில்லு" என்பாள் என்று ஆண்கள் கேலி பேசுவார்கள், அவள் இல்லாத இடத்தில். குடியிருப்பதற்கும் முறை உண்டு. புதிதாக வருகிறவள் முதலாம் தடுப்பில் நுழைய வேண்டும். அங்கே சாரல் அடிக்கும். மேலே யாராவது காலி செய்தால் பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு தடுப்பாக நகருவார்கள். அப்படி நகர்ந்து நகர்ந்து என்றைக்காவது ஒரு நாள் சன்னலுக்குப் போய்ச் சேரலாம். அவள் முதலாம் தடுப்பில் ஆரம்பித்து ஏழுக்கு வந்திருந்தாள். சன்னலுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கழுத்தளவுச் சுவர்தான் பாக்கி.

எனக்கு ஒன்பதாம் மாதம். இடுப்பு வலிக்கிறது, ஊறவைத்த அரிசி புளித்துக்கொண்டிருக்கிறது, ஆட்டுக்கல்லில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். "யக்கா, கொஞ்சம் விடேன், நிக்க முடியல" என்றேன். மூன்று பேரும் நகர்ந்துவிட்டார்கள். அவள் கல்லைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "வவுத்துல கீறது உன் புள்ள. கல்லு பொது."

அழுதுகொண்டே திரும்பி வந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் முதல் வெறுப்பு விழுந்தது. பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேடவேண்டியிருக்கவில்லை.

ஆனால் அவள் புருஷன் செத்த நாளையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவளை நான் பாதி காட்டினதாக ஆகும். அக்கினி நட்சத்திரம். கிணறு ஊறி ஊறித்தான் தண்ணீர். ஒரு குடம் சேந்தினால் அடுத்த குடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மனுஷர் காலையில் ஸ்டேஷன் பக்கம் போனவர் மத்தியானம் கட்டிலில் வந்தார். மாரடைப்பு. கொட்டகையில் கிடத்தியிருக்கிறது, குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. அவள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து கிணற்றடியில் வரிசையின் கடைசியில் நின்றாள். "யக்கா, நீ மொதல்ல புடி" என்று எல்லாரும் விலகினோம். அவிழ்ந்த கூந்தல் முகத்தில் கிடக்க, எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

"பொணம் எங்கியும் எழுந்து போவாது. உங்க மொற ஆவட்டும்."

நாங்கள் ஒவ்வொருத்தியாகச் சேந்தினோம். சாவு வீட்டுத் தண்ணீருக்கு முன்னால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தண்ணீரை எடுக்க வைத்துவிட்டாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரக்கம் வர விடவில்லை அவள். தன் முறை வந்ததும் குடத்தை நிரப்பினாள், இடுப்பில் வைத்தாள், போனாள். அப்புறம்தான் கொட்டகையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

என் பெண் சரசுவுக்கு ஒன்றரை வயசில் இழுப்பு வந்தது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். மூச்சில் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். பொன்னேரி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "புகை படாம வெச்சிக்கம்மா" என்றார். எங்கே வைப்பது? கொட்டகை அறையில் தனியாக விட்டால் தத்தித் தத்தி வெளியே போய்விடும். வாசலில் கிணறு. மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை. நான் சமைக்கிற இடத்தில்தான் அவளும். அப்போது நான் மூன்றாம் தடுப்புக்கு நகர்ந்திருந்தேன். இரண்டு பக்கத்துப் புகையும் எங்கள் தலைமேல்தான் நிற்கும்.

அந்த நேரம் பார்த்து எட்டாம் தடுப்பு காலியாயிற்று. அங்கே இருந்த ரயில்வே கேங்மேன் குடும்பத்துக்குக் கூடூருக்கு மாற்றல். முறைப்படி ஏழு எட்டுக்குப் போக வேண்டும், ஆறு ஏழுக்கு. அவள் அன்றைக்கே அந்தத் தடுப்பைக் கழுவி, சாணி மெழுகி, சன்னலுக்குக் கீழே களிமண்ணில் புது அடுப்பு போட்டாள். மூன்று குமிழ் வைத்த அழகான அடுப்பு. அது காய்வதற்காகத்தான் குடிபோகாமல் காத்திருந்தாள்.

அடுப்பு காய்ந்து அவள் குடிபோக இருந்த அன்றைக்கு ஏஜென்ட் வாடகைக்கு வந்தார். நான் சரசுவை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். நல்லவேளையாக அவள் அப்போது இழுத்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை என்று பெற்றவள் சொல்லலாமா? சொல்கிறேன்.

"ஐயா, புள்ளைக்குப் புகை ஆவாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. சன்னல் இருக்குற எடத்த எனுக்குக் குடுங்க."

ஏஜென்டுக்கு லாயத்தில் எல்லாத் தடுப்பும் ஒன்றுதான். "எடுத்துக்கோம்மா, இதுக்கு இன்னா" என்றார். முறை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். இன்றைக்கும் கேட்பேன், நாளைக்கும் கேட்பேன். பெற்ற பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறபோது வரிசையில் நிற்கிறவள் தாய் இல்லை.

அன்று சாயங்காலமே என் சாமான்களைக் கொண்டுபோய் எட்டில் வைத்தேன். அவள் போட்ட அடுப்பில் என் உலை கொதித்தது. ஏழாம் தடுப்பிலிருந்து கழுத்தளவுச் சுவருக்கு மேலே அவள் தலை தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நானும் வாயில் நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அது என் மொற."

மறுநாள் காலை. நெருப்பு வரிசையாக நடந்து அவள் அடுப்புக்கு வந்தது. கரண்டியில் கங்கை எடுத்து எனக்குச் சுவர்மேல் வைத்தாள். வைத்துவிட்டு, "அது என் மொற" என்றாள். அதற்கு மறுநாளும். அதற்கடுத்த நாளும். சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. பால்காரன் வாசலில் "பால்" என்கிற குரல். நான் என்னென்னமோ பதில் சொல்லிப் பார்த்தேன். "இன்னாடி உன் மொற" என்றேன். "போய் ஏஜென்டுகிட்ட கேளு" என்றேன். "உனுக்குப் புள்ள இருந்தா தெரியும்" என்றும் ஒருநாள் சொன்னேன். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் முகம் மாறவில்லை. கரண்டியைச் சுவரில் ஒரு தட்டு தட்டிச் சாம்பலை உதறிவிட்டுப் போய்விட்டாள்.

கேட்கக் கேட்க எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் ஆகிவிட்டது. அவள் தலையே தெரியக்கூடாது, சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பு என்று வீட்டுக்காரரிடம் நின்றேன். பங்களாவில் விழுந்து கிடந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுப்பினார். முடிக்கும்போது பார்த்தால் நடுவில் இரண்டு செங்கல் அளவுக்குச் சந்து.

"அது இன்னாத்துக்கு?"

"நெருப்பு எப்பிடி வரும்?"

"தீப்பெட்டி வாங்குனா வருது."

"ஐப்பசியில தீப்பெட்டி நமுத்துப்போனா யார் ஊட்டுக்குப் போவ? உங்க ரெண்டு பேரு பேஜாரும் எனுக்கு வேணாம்மா. சந்து இருக்கட்டும்."

சந்து இருந்தது. நான் வீம்புக்குத் தீப்பெட்டி வாங்கி மூட்டினேன். கங்கு மட்டும் தினம் வந்தது. நான் எடுக்காமல் விட, சந்தில் சாம்பல் மேட்டுக்கு மேல் சாம்பல். மழைக்காலம் வந்தது, அவர் சொன்னபடியே தீப்பெட்டி நமத்தது, வாயை மூடிக்கொண்டு அவள் கங்கை எடுத்தேன். அவள் வாயை மூடவில்லை. அந்தச் சந்து வழியாக நெருப்பும் அந்த வார்த்தையும் சேர்ந்தே வந்தன.

நானும் சும்மா இருந்துவிடவில்லை. லாயத்து வாய்க்கால் எட்டிலிருந்து ஒன்றுக்கு ஓடும். என் மீன் கழுவின தண்ணீர் அவள் தடுப்பைத் தாண்டித்தான் போகும். வாளையும் சுறாவுமாகத் தேடி வாங்கி ஆய்ந்தேன். அண்ணன் ஏரியிலிருந்து இறால் கொண்டுவந்தால் தலையெல்லாம் வாய்க்காலுக்குத்தான். ஏஜென்டிடம் சொல்லி நிறுத்தியிருக்கலாம் அவள். சொல்லவில்லை. தன் முறை நாளில் துடைப்பத்தை எடுத்து அத்தனையையும் தள்ளிவிட்டுக் கொண்டுபோனாள்.

சுவர் எழும்பின பிறகு ஏழாம் தடுப்பு இருட்டுப் பெட்டி ஆகிவிட்டது. முன்பு சன்னல் வெளிச்சம் சுவர்மேல் ஏறி அவளுக்கும் கொஞ்சம் விழும். இப்போது மற்ற ஆறு தடுப்புப் புகையும் வந்து என் சுவரில் முட்டி அவள் தலைமேல் நிற்கும். இரண்டு மூன்று வருஷத்தில் அவள் கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. ஒருநாள் சந்து வழியாகப் பார்த்தேன். முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல்லைக் கண்ணால் பொறுக்காமல் விரலால் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. என் பெண்ணின் மூச்சு ஒரு தட்டில், அவள் கண் ஒரு தட்டில் என்றால் எனக்குத் தராசே தேவையில்லை.

சரசுவுக்குச் சன்னலால் குணம் தெரிந்தது. ஆனால் இழுப்பு விட்டுவிட்டுப் போகிற சீக்கு இல்லை, ஒளிந்து விளையாடுகிற சீக்கு. ஒரு மார்கழிக் காலை, பனி வயலெல்லாம் படுத்துக் கிடக்கிறது, பிள்ளைக்குத் திடீரென்று உதடு நீலம் பாரித்துவிட்டது. கண் மேலே சொருகிற்று. நான் அலறினேன். எல்லாத் தடுப்பிலிருந்தும் ஓடி வந்தார்கள். ஒருத்தி மில்லுக்கு ஆள் அனுப்பினாள், ஒருத்தி ஜட்கா கூப்பிட ஓடினாள். நான் பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். சுவர்ச் சந்தில் அவளுடைய சிவந்த கண்கள் தெரிந்தன.

"சன்னல் வாங்குனியே," என்றாள். "இன்னுமா இழுக்குது?"

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், மறந்துவிட்டேன். இதை மறக்க மாட்டேன். கட்டையில் போகும்போதும் என்னோடு வரும்.

பொன்னேரியில் இரண்டு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். திரும்பி வந்த மறுநாள் காலை அடுப்படிக்குப் போனேன். சந்தில் கங்கு வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை வரும் என்று, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி காத்திருந்தேன்.

"அது என் மொற."

கங்கை எடுத்து என் அடுப்பில் போட்டேன். அதற்குப் பிறகு அவளோடு பேச்சையே விட்டுவிட்டேன்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. வீட்டுக்காரருக்கு ஒரு பைப் கம்பெனியில் இடம் கிடைத்தது. ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஓட்டு வீடு ஒன்று பார்த்தோம். சமையலறைக்குக் கதவு, சன்னல், புகைப்போக்கி எல்லாம் உண்டு. போகிற அன்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். ஏழாம் தடுப்பு வாசலில் மட்டும் நிற்காமல் நடந்தேன்.

கனமான சாமான் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு வந்திருந்தோம். என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த அம்மியும் குழவியும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதை எடுத்துவரச் சரசுவையும் கூட்டிக்கொண்டு போனேன். அதைத் தூக்கிவிட அங்கே யாராவது ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று எண்ணம்.

லாயத்துக்குள் நுழைந்ததும் கண் கூசியது. முன்பு எட்டாம் தடுப்போடு நின்றுவிடும் சன்னல் வெளிச்சம் நாலு வரைக்கும் விழுந்திருந்தது. கோடிக்குப் போனேன். எட்டில் அவள், முறைப்படி. ஏழில் மல்லிகா என்று ஒரு சின்னப் பெண். ஆறாம் தடுப்பிலிருந்து நகர்ந்தவள், கைக்குழந்தைக்காரி. குதிரை வளையத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் இல்லை. நாங்கள் எழுப்பின சுவர் மட்டும் இல்லை; அதற்குக் கீழே இருந்த துபாஷ் காலத்துச் சுவரும் தரை வரைக்கும் இல்லை. சன்னல் காற்றில் தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"செவுரு எங்க?" என்றேன்.

"இடிச்சாச்சி," என்றாள் அவள். அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மல்லிகாதான் பயந்துகொண்டு சொன்னாள்: "அக்காதான் கடப்பாறைய எடுத்துக்கினு வந்து மொத செங்கல்ல பேத்துச்சி. நான் வேணாம்னுதான் சொன்னேன். புள்ளைக்குச் சளி கட்டிக்கினு கீது, காத்து வரணும்னு சொல்லிச்சி."

எத்தனை வருஷம். ஒரு சுவர். ஒரு காலை நேர வேலை.

"எம்பொண்ணுக்கும்தான் மூச்சு முட்டுச்சி," என்றேன்.

"முட்டுச்சி."

"அப்போ நான் ஏஜென்டுகிட்ட போவாம நேரா உன்ன வந்து கேட்டிருந்தா? எம்புள்ளைக்கு எடம் குடுன்னு உங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே யோசித்தாள். குழம்பு கொதித்துப் பொங்கி அடங்கியது. அந்தச் சிவந்த கண்ணால் என்னை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"மாட்டேன்," என்றாள். "நீ கேட்டாலும் என்னத் தாண்டிப் போறவ. இவ எனக்குப் பின்னால நிக்கறவ."

நம்பமாட்டீர்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்டிருக்கலாமோ, கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்று ராத்திரி ராத்திரி புரளுவதற்கு ஒரு காரணம் கிடைக்க இருந்தது. அதையும் அவளே பிடுங்கிக்கொண்டாள். அதற்காக நான் நன்றி சொல்லவில்லை.

அம்மி சுவரோரம் இருந்தது. கழுவித் துடைத்து, குழவியை மேலே வைத்திருந்தாள். அதைத் தூக்கித் தலையில் வைக்க இன்னொரு கை வேண்டும். மல்லிகா குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். வாசலில் ஆம்பளை யாரும் இல்லை. இருந்தவள் அவள் ஒருத்தி. "ஒரு கை புடி" என்றால் போதும். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், நின்றாள். கேட்கட்டும் என்று நின்றாள்.

நான் சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கைவண்டி வைத்துக்கொண்டு போனார். அம்மியை மட்டும் இறக்கினார்.

"குழவி எங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "அந்தக்கா குடுக்கல. உன் பொண்டாட்டியையே வந்து கேட்டு வாங்கிக்கினு போவச் சொல்லுன்னாங்க."

நான் போகவில்லை. அந்த அம்மிக்குப் பொன்னேரிச் சந்தையில் வேறு குழவி வாங்கினேன். அது என்றைக்குமே அதில் சரியாகப் படிந்ததில்லை. ஒரு பக்கம் மசியும், ஒரு பக்கம் திப்பியாக நிற்கும். சரசுவின் பிள்ளைகள் இன்றைக்கும் என் துவையலில் குறை சொல்கிறார்கள்.